அசல் ஓவியம், அடக்க விலை

கேள்வி: வீட்டுச் சுவரில் அசல் ஓவியம் மாட்ட ஆசை. லட்சங்களுக்கு எங்கே போவேன்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: லட்சம் எதற்கு? ஜனவரியில் பெங்களூருக்கு ரயிலேறுங்கள். கர்நாடக சித்ரகலா பரிஷத் நடத்தும் சித்திரச் சந்தையன்று குமாரகிருபா சாலை முழுக்க ஓவியம்தான். வரைந்தவரே விற்பார், சில நூறு ரூபாய்க்கும் நல்ல படம் சிக்கும்.

லினோ, மரச்செதுக்கு அச்சோவியங்களை விட்டுவிடாதீர்கள். நகைக்கு ஹால்மார்க் பார்ப்பதுபோல, இதன் அடியோரத்தில் பென்சில் குறிப்பைப் பாருங்கள். 7/30 என்றால், எடுத்த 30 பிரதிகளில் இது ஏழாவது. பக்கத்தில் கலைஞரின் கையெழுத்து இருக்கும். அதுவும் அசல்தான், விலையோ குறைவு.

பேரம் மட்டும் வேண்டாமே! 1966-ல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கியவர்களே பாத்திக் துணி விற்றுத்தான் தூரிகையைக் காப்பாற்றினார்கள். கறாராகப் பேசுவதைச் சட்டம் போடும் கடைக்காரரிடம் வைத்துக்கொள்ளுங்கள். சில சமயம் படத்தைவிடச் சட்டத்துக்கே அதிகம் கேட்பார்.