தேர்தல் கேக்கப் போற மருமோனுக்கு

மருமோன், நீ மாகாண சபைத் தேர்தல் கேக்கப் போறாய் எண்டு கொம்மா சொன்னவ. கேள், நல்ல விசயம். ஆனா வெள்ளை வேட்டியை இப்பவே தோய்ச்சு மடிச்சு வைக்காதை. மடிப்பிலையே பழுத்துப் போகும்.

வடக்கு மாகாண சபைக்கெண்டு ஒரே ஒருக்காத்தான் வாக்குப் போட்டனாங்கள், 2013 செப்ரெம்பர் 21. சபை முறை சட்டத்தில ஏறினது 1987 இல, 13 ஆம் திருத்தத்தோட. அவ்வளவு காலம் பொறுத்திருந்த சனம் 38 ஆசனத்தில 30 ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு அள்ளிக் குடுத்தது. நீதியரசராய் இருந்த விக்னேஸ்வரன் ஐயா முதலமைச்சர். அவருக்கு மேலை ஆளுநர். அவரை நியமிக்கிறது ஜனாதிபதி, நீயும் நானும் இல்லை. அப்ப இருந்தவர் இளைப்பாறின மேஜர் ஜெனரல் சந்திரசிறி. முப்பது பேர் ஒரு பக்கம், அவற்றை பேனை மற்றப் பக்கம். காணி அதிகாரம், பொலிஸ் அதிகாரம் எல்லாம் அரசியலமைப்பில வடிவாய் அச்சடிச்சுக் கிடக்கு. கடதாசியை விட்டு இறங்கி வரத்தான் அதுகளுக்கு மனமில்லை.

மேடையில கொழும்பைத் திட்டு, கைதட்டு விழும். எங்கட வண்டவாளத்தை மட்டும் சொல்லிப் போடாதை. 2017 இல சொந்த அமைச்சர்மாரை விசாரிக்கக் குழு வைச்சு, ரெண்டு பேரை விலகச் சொல்ல, கோவத்தில எங்கட ஆக்களே முதலமைச்சருக்கு எதிரா நம்பிக்கையில்லாப் பிரேரணை எழுதிச்சினம். எழுதி எங்கை கொண்டு போனவை? ஆளுநரிட்டை!

2018 ஒக்ரோபரில சபையின்ர காலம் முடிஞ்சுது. பிறகேன் தேர்தல் வரேல்லை? 2017 இல புதுத் தேர்தல் முறைக்குச் சட்டம் போட்டவை. அதுக்குத் தொகுதி எல்லை பிரிக்க வேணும். பிரிச்ச அறிக்கை 2018 ஓகஸ்டில பாராளுமன்றத்துக்கு வந்தது. எதிர்த்து 139 வாக்கு, ஆதரிச்சு ஒண்டும் இல்லை. கொண்டு வந்த அமைச்சரே எதிர்த்துப் போட்டவர் எண்டால் பாரன்! பழைய வேலியைப் பிடுங்கியாச்சு, புதுக் கதியாலை எங்கை நடுறதெண்டு முடிவில்லை, காணி அப்பிடியே கிடக்கு. வேலிச் சண்டையை யாழ்ப்பாணத்தானுக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனா உந்த மாதிரி நுட்பம் எங்கட அப்பு ஆச்சி காலத்திலையும் நான் காணேல்லை.

பிரதேச சபையாவது ஒழுங்கா நடந்ததோ? 2023 மார்ச் 9 எண்டு நாள் குறிச்சுப்போட்டுக் காசில்லை எண்டவை. அது அடிப்படை உரிமை மீறல் எண்டு உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2024 ஓகஸ்டு ஆச்சு. வாக்குப் பெட்டி வர 2025 மே 6. அது மட்டும் தெரிவான ஆக்கள் இல்லாமல் உத்தியோகத்தர்மார்தான் நடத்தினவை. உண்மையைச் சொன்னால் என்ர ஒழுங்கைக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியேல்லை. இதை நான் சொன்னதெண்டு ஒருத்தருக்கும் சொல்லாதை.

பழைய கதை ஒண்டும் கேள். 1931 இல, எல்லாருக்கும் வாக்குரிமை கிடைச்ச முதல் தேர்தலை எங்கட யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிச்சது. முழுச் சுயராச்சியம் தாறதெண்டால் தா, இல்லையெண்டால் உந்தத் தேர்தல் வேண்டாமெண்ட ரோசம். யாழ்ப்பாணத்தின்ர நாலு ஆசனமும் 1934 மட்டும் வெறுமையாக் கிடந்தது. அப்ப நாங்கள் தேர்தலைப் பகிஷ்கரிச்சம். இப்ப தேர்தல் எங்களைப் பகிஷ்கரிக்குது. கணக்குச் சரி.

நீ காத்திருக்கிற நேரத்துக்கு ஒரு வேலை சொல்லுறன். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 இல வந்தது. கேட்டால் 14 வேலை நாளுக்குள்ளை தாறமோ இல்லையோ எண்டு முடிவு சொல்ல வேணும். எங்கட ஒழுங்கை விளக்கு ஏன் எரியேல்லை, காசு எங்கை போனது எண்டு கேட்டு ஒரு கடிதம் குடுத்தன். முந்தி எட்டியும் பாக்காத உத்தியோகத்தர் வாசலில நிண்டு, "ஐயா, இதைச் சும்மா வாயால கேட்டிருக்கலாமே" எண்டார். வாயால கேட்டுத்தானே தலை நரைச்சது!

வாய்க்காலைப் பற்றி எழுதின கடிதமும் இந்தா கிடக்கு. என்ர பேரைக் கண்டால் கந்தோரில தேத்தண்ணி குடிக்கப் போயிடுகினம். நீ புது ஆள், இதிலை உன்ர கையெழுத்தை வை.