இருக்கிறோம், போய்வாரும்

புரோகிராம் எழுதுகிற பையன் "எரர் வருது, என்ன பண்றது?" என்று கேட்டால், "எனக்கு ஓடுதே" என்று பதில் சொல்லும் மகானுபாவர்கள் உண்டு. இந்த மரபுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் பிள்ளையாரின் அப்பா.

கேஸ் 8ஆம் நூற்றாண்டு. புகார்தாரர் தேவாரம் பாடிய சுந்தரர். திருவொற்றியூரில் சங்கிலியாரைக் கல்யாணம் செய்துகொள்ள, அவரைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்தாக வேண்டும். சன்னிதியில் செய்தால் மாட்டிக்கொள்வோமே! "அந்த நேரத்துக்கு நீர் மகிழ மரத்தடிக்குப் போய்விடும்" என்று சுவாமியிடமே பேசிவைத்தார். அவரும் சரியென்று தலையாட்டிவிட்டு, சங்கிலியார் கனவில் போய், "சத்தியத்தை மகிழடியில் வாங்கிக்கொள்" என்று போட்டுக்கொடுத்தார். வசந்தம் வந்தது, திருவாரூர் ஞாபகம் வந்தது. ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார், இரண்டு கண்ணும் போயிற்று.

திருவெண்பாக்கம் வரை தடவிப் போய், "கோயிலில் இருக்கிறீரா?" என்று கேட்டார். "இருக்கிறோம், போய்வாரும்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

பிற்பாடு வந்த நன்னூல், விடையை எட்டு வகையாகப் பிரிக்கிறது. "மேனுவலைப் படி" என்பது அதில் ஏவல். "முதலில் ஏன் இந்த மொழியில் எழுதினாய்?" என்பது வினா எதிர் வினாதல். சுவாமி சொன்னதில் முன்பாதி சுத்தமான நேர்விடை. நன்னூல் எழுதிய பவணந்தியாரே அரை மார்க் குறைக்க முடியாது. கண்தான் வரவில்லை. 'இப்போதைக்கு இதை வைத்து ஓட்டு' என்பதுபோல ஓர் ஊன்றுகோல் கிடைத்தது. இடக்கண் காஞ்சியில், வலக்கண் திருவாரூரில். ஒரே புகாருக்கு இரண்டு கிளைக்கு அலைச்சல்!

அவருக்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியாதா? தெரியும். திருமானூருக்குப் பக்கத்துத் திருமழபாடியே சாட்சி. கண் போவதற்கு முந்தின கதை இது. ஆலம்பொழிலில் சுந்தரர் தூங்குகிறார், கேள்வியே கேட்கவில்லை. சுவாமி கனவில் வந்து, "மழபாடிக்கு வர மறந்துபோச்சா?" என்றார். எங்கே போகணும் என்பது அதிலேயே இருக்கிறது. விழித்தவர் காவிரியைக் கடந்து வந்து, கையோடு ஒரு பதிகமும் பாடிவிட்டார். கண் தெரிகிறவனுக்குத்தான் வழி சொல்வது என்று கொள்கையோ என்னவோ. மழபாடிக்காரருக்குப் பெயரே வைத்தியநாதர். கண் கேஸ் இங்கே வந்திருந்தால் ஒரே நடையில் முடிந்திருக்கும் என்பது என் கட்சி.

பங்குனியில் நந்தி கல்யாணம் பார்க்க வருகிறவர்கள் திருமானூரில் இறங்கி, "மழபாடிக்கு பஸ் இருக்கா?" என்பார்கள். "இருக்கு, போங்க" என்று நிறுத்திவிடாதீர்கள் ஐயா. எந்தப் பக்கம் நிற்கணும் என்பதையும் சொல்லுங்கள்.