கொட்டகை விளக்கியல்: ஓர் ஆராய்ச்சி

கொட்டகை என்பது யாதெனின், நான்கு சுவரும் ஒரு சிமென்ட் ஷீட் கூரையும் உடையதாய், மண்வெட்டி, கடப்பாரை, மருந்தடிக்கும் டேங்க், பாதி தீர்ந்த யூரியா மூட்டை, ஜோடி தொலைந்த செருப்பு ஆகியவற்றைத் தன்னகத்தே கொண்டு, மின்கம்பத்துக்கு எட்டாத தொலைவில் நிற்பது. கடைசியாகச் சொன்ன இலக்கணமே தலையாயது. கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றால் அதை வீடு என்பார்கள், வரியும் போடுவார்கள்.

பொள்ளாச்சி வட்டாரத் தென்னந்தோப்புக் கொட்டகைகளே இவ்வாய்வின் எல்லை. இவற்றுள் இருட்டிய பின் வேண்டுவன இரண்டு: மூன்று மணி நேரம் எரிய ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று, காவலுக்குப் படுப்பவரின் செல்போனுக்குச் சார்ஜ். இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 42 வாட்-மணி. ஒரே ஒரு யூனிட் கிடைத்தால் மூன்று வாரத்துக்கு மேல் ஓட்டிவிடலாம். அந்த ஒரு யூனிட்டுக்கு எங்கே போவது என்பதில்தான் அறிஞர்கள் கட்சி பிரிகிறார்கள்.

நீர்க் கட்சியினர் மேல்நிலைத் தொட்டியைக் காட்டுவர். தண்ணீர் விழுந்தால் மின்சாரம் வரும், மேட்டூரில் வரவில்லையா என்பது அவர்கள் வாதம். வரும். ஆயிரம் லிட்டர் தண்ணீர் மூன்று மீட்டர் உயரத்திலிருந்து முழுக்க இறங்கினால் கிடைப்பது 8 வாட்-மணி. நம் பல்பு 54 நிமிடம் எரியும். அதுவும் சேதாரமே இல்லாத டர்பைன் கிடைத்தால். பிறகு இருட்டில் நின்றுகொண்டு தொட்டியை நிரப்ப மோட்டார் போட வேண்டும். இக்கட்சி இத்துடன் ஒழிந்தது.

காற்றுக் கட்சிக்குக் கொஞ்சம் கௌரவம் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியே பாயும் காற்றை நம்பித்தான் உடுமலைப் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அதன் வேகத்துக்கு அம்மியை அளவுகோலாக்கி ஆடி மாதக் குறிப்பு ஒன்றையும் முன்னோர் விட்டுச் சென்றுள்ளனர். ஆனால் காற்றின் வேகம் பாதியானால் மின்சாரம் பாதியாவதில்லை, எட்டில் ஒரு பங்காகிவிடும். தோப்புக்குள் நுழைந்த காற்று மட்டைக்கு மட்டை தட்டுப்பட்டு, கொட்டகையை அடையும்போது துண்டை உலர்த்தத்தான் ஆகிறது. மரத்துக்கு மேலே ஏற்றலாமே எனின், ஏற்றும் கம்பத்தின் விலைக்கு மின்வாரியக் கம்பத்தையே நட்டுவிடலாம்.

மூன்றாவது, தேங்காய்க் கட்சி. இதன் உறுப்பினர் இப்போதைக்கு இக்கட்டுரையாளர் ஒருவரே என்பதால் சற்று விரித்துரைக்கப்படுகிறது. பதினைந்து மீட்டர் உயரத்து நெட்டை மரத்திலிருந்து ஒன்றரைக் கிலோ எடையுள்ள மட்டைத் தேங்காய் விழும்போது 220 ஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. இதுகாறும் இது தரையிலும், சில வேளை சைக்கிள் கேரியரிலும் வீணாகி வந்துள்ளது. காயைக் கயிற்றில் கட்டி இறக்கி டைனமோவைச் சுற்றவைத்தால், ஒரு காய்க்குப் பல்பு 24 விநாடி எரியும். மூன்று மணி நேரத்துக்கு 440 காய். நல்ல மரம் ஆண்டுக்கு நூறு காய் காய்க்கும் எனக் கொண்டால், ஓர் இரவுக்கு நாலரை மரத்தின் ஓராண்டு விளைச்சல் போதுமானது. இருபத்தைந்தடி இடைவெளியில் ஏக்கருக்கு எழுபது மரம் என்ற கணக்கில், ஆண்டு முழுதும் ஒரு பல்பு எரிய 23 ஏக்கர் தோப்பு வேண்டும். விளக்கெரிந்த பின்னும் காய் காயாகவே இருக்கும், கொப்பரைக்குப் போடலாம் என்பது இம்முறையின் தனிச்சிறப்பு. வேறெந்த எரிபொருளுக்கும் இப்பெருமை இல்லை.

எஞ்சியது சூரியக் கட்சி. ஒளி பட்டால் மின்சாரம் பிறக்கும் என்று எட்மண்ட் பெக்கரல் 1839-இல் கண்டார். 1859-இல் கஸ்டோன் பிளான்டே ஈய-அமில பேட்டரியைச் செய்தார். 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் ஆறு விழுக்காடு திறனுள்ள சிலிக்கான் செல்லைக் காட்டியது. மூன்றும் கூடிய பிறகே கொட்டகை மூலையில் கடப்பாரை தட்டுப்படாமல் நடக்க வழி பிறந்தது. இருபது வாட் பேனல் ஒன்றைத் தெற்கு நோக்கிப் பத்துப் பதினொரு டிகிரி சாய்த்து வைத்தால் நாளுக்கு 80 வாட்-மணி கிடைக்கும். தேவையைப் போல் இரு மடங்கு.

இதற்குத் தடை இரண்டு. கூரைமேல் சித்திரை வெயிலில் பேனல் அறுபது டிகிரிக்குக் கொதிக்கும். இருபத்தைந்துக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் திறனில் 0.4 விழுக்காடு கழியும். வெயில் வேண்டும், சூடு கூடாது என்பது அதன் குணம். அடுத்து, பேனலின் 36 செல்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டவை. ஒரு தென்னங்கீற்றின் நிழல் ஒரு செல்லில் விழுந்தாலும் மற்றவை சேர்ந்து சுணங்கும். தோப்புக்குள் கீற்று நிழல் விழாத இடம், மரம் பட்டுப்போன இடம் ஒன்றே. வண்டு விழுந்து ஒரு மரம் போனதும் “பேனலுக்கு இடமாச்சு” என்று தேற்றிக்கொண்டவர்களும் உளர்.

இவற்றைக் காட்டிலும் பெரிய தடை எலெக்ட்ரீசியன் வடிவில் வருகிறது. “ஏனுங்ண்ணா, ஒத்தைப் பல்புக்கா இவ்வளவு பாடு? இன்வெர்ட்டர் ஒண்ணு வெச்சுட்டா ஃபேன் போட்டுக்கலாம், டிவி பாத்துக்கலாமுங்க” என்கிறார். நியாயமாகத்தான் படுகிறது. முந்நூறு வாட் பேனலும் 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரியும் வந்து இறங்குகின்றன. பேட்டரி ஐம்பது கிலோவுக்குக் குறையாது. தூக்கி வைக்க இரண்டு ஆள். அதற்கு ஸ்டாண்டு, அதன்மேல் இன்வெர்ட்டர், சுவரில் சார்ஜ் கன்ட்ரோலர். இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதே பத்து வாட்டுக்கு மேல் இழுக்கும். இரவும் பகலும் விட்டால் 240 வாட்-மணி. பல்புக்கோ வெறும் 27. பல்புக்காக இன்வெர்ட்டர் என்ற நிலை மாறி, இன்வெர்ட்டர் ஓடுகிறதா என்று பார்க்கப் பல்பு என்ற நிலை எய்தப்படுகிறது. பன்னிரண்டு வோல்ட் டி.சி. பல்பை நேராக பேட்டரியில் கொடுத்தால் இத்தனையும் வேண்டாம் என்று சொல்வாரும் உண்டு. அவர்களுக்கு ஃபேன் கிடையாது.

இவ்விடத்தில் மண்வெட்டிப் பெயர்ச்சி விதி நிறுவப்படுகிறது: கொட்டகைக்குள் வரும் ஒவ்வொரு மின்சாதனமும் தன் அளவுக்கு ஒரு தோட்டச் சாமானை வெளியேற்றும். முதலில் போவது யூரியா மூட்டை, பேட்டரிப் பக்கம் ஆகாது என்பதால். பிறகு மருந்து டேங்க். கடைசியில் மண்வெட்டியும் கடப்பாரையும் மழையில் நனைந்தபடி வெளிச்சுவரில் சாத்திக் கிடக்கும். உள்ளே இருப்பதெல்லாம் விலையுயர்ந்த பொருள் என்பதால் கதவுக்குப் பூட்டும் வரும்.

ஆராயாமல் விடப்பட்டது ஒன்று உண்டு. பேட்டரியில் டிஸ்டில்ட் வாட்டர் மட்டத்தை அவ்வப்போது பார்க்க வேண்டும். பேட்டரி இருக்கும் மூலைக்குப் பல்பு வெளிச்சம் எட்டுவதில்லை. செல்போன் டார்ச்சை அடித்துத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். அப்படியானால் டார்ச்சே போதாதா என்று டீக்கடையில் ஒருவர் ஆட்சேபம் கிளப்பினார். அவருக்குச் சொந்தத் தோப்பு இல்லாததால் அது விவாதத்துக்கு ஏற்கப்படவில்லை.