எந்த மலை, எந்த மூலை?

கோடை லீவுக்கு எந்த மலை என்பதை உயரமோ குளிரோ தீர்மானிப்பதில்லை. வீட்டில் யாருக்கு வாந்தி வருமோ அவர்தான் தீர்மானிக்கிறார். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு, பேச்சே இல்லை. ஊட்டி, கொடைக்கானல் என்றால் 2024 மே முதல் இ-பாஸ். மிச்சம், சேலத்திலிருந்து 20 வளைவில் முடிந்துவிடும் ஏற்காடு. ஒரு எலுமிச்சம்பழம் போதும்.

அப்பாடா என்று உட்கார முடியாது. ஏற்காட்டில் எங்கே? சேலத்து வெயிலில் வேர்த்தபடி ரூம் போடும் பெரியப்பா, 1,500 மீட்டர் உயரத்து அறையில் ஏ.சி. உண்டா என்று கேட்பார். ஏரிப் பக்கம் தங்கினால் படகுத்துறைக் கூச்சல், மிளகாய் பஜ்ஜி வாசம், ஹாரன் எல்லாம் ஜன்னல் வழியே வரும். 'அமைதி வேணும்' என்று மைத்துனர் மஞ்சக்குட்டையைச் சொல்வார். காப்பித் தோட்டம், சில்வர் ஓக்கில் படர்ந்த மிளகுக்கொடி, பொழுது சாய்ந்தால் பூச்சிச் சத்தம். எல்லாரும் ஆகா என்பார்கள்.

போய் இறங்கியதும் அதே மைத்துனர் செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சிக்னல் தேடுவார். பிள்ளைகள் பஜ்ஜி கேட்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வண்டி ஏரிக்கரைக்கே கிளம்பும். அமைதிக்குக் கொடுத்த வாடகை போக, பெட்ரோல் தனி.