ஒரு ஜிபி மெஷினில் பச்சைக் கோடு: ஒரு முன்னாய்வு

எங்கள் அடுக்ககத்தில் தண்ணீர் லாரி எந்த நாளில் எந்த பிளாக்குக்கு வரும் என்று காட்ட ஒரு இணையப் பக்கம் இருந்தால் நல்லது என்றார் சங்கச் செயலாளர். அதற்காக ஒரு க்ளவுட் கம்பெனியிடம் 1 ஜிபி ரேம் உள்ள விர்ச்சுவல் மெஷினை மாத வாடகைக்கு எடுத்தேன். பக்கத்தை ஒரே மாலையில் முடித்துவிட்டேன். பக்கம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கும் டேஷ்போர்டை முடிக்க ஏழு வாரம் ஆயிற்று. அந்த ஏழு வாரமே இக்கட்டுரையின் ஆய்வுக் களம்.

டேஷ்போர்டு என்பது யாது எனின், குதிரை வண்டியில் குளம்படியில் தெறிக்கும் சேறு ஓட்டுபவர் மேல் படாதபடி முன்னால் அடித்த பலகை. பெயர் அங்கிருந்து வந்தது. இன்றைய டேஷ்போர்டு சேற்றைத் தடுப்பதில்லை; எவ்வளவு சேறு என்று வண்ணக் கோடாக வரைந்து காட்டுகிறது. இப்பொருள் மாற்றத்தை மொழியியலார் இன்னும் கவனிக்கவில்லை போலும்.

முன்னோர் ஆய்வுகளுள் தலையாயது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தின் காபிக் குடுவை. மாடியேறிப் போய்க் குடுவை காலி என்று கண்டு திரும்புவது சலித்துப்போன ஆய்வாளர்கள் 1991-இல் அதற்கு எதிரே ஒரு கேமராவை வைத்தார்கள். 128-க்கு 128 புள்ளி அளவில், கறுப்பு வெள்ளையில், காபி இருக்கிறதா இல்லையா என்பது மேசையிலேயே தெரிந்தது. 1993-இல் படம் இணையத்துக்கு வந்தது, உலகமே காபியைப் பார்த்தது. 2001-இல் கேமராவை நிறுத்தினார்கள். குடுவையை ஒரு ஜெர்மன் பத்திரிகையின் இணையப் பிரிவு 3,350 பவுண்டுக்கு ஏலம் எடுத்தது. இதில் ஆய்வாளர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: கேமரா குடுவைக்கு வெளியே இருந்தது.

இனி என் கருவிகள். எண்களைச் சேகரிப்பது ப்ரோமிதியஸ். 2012-இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் பிறந்தது. எண்களைக் கோடாக வரைவது கிராஃபானா. ஸ்வீடன்காரர் டார்கல் ஓடெகார்ட் எழுதி 2014-இல் வெளியிட்டது. இரண்டையும் தனித்தனி டப்பாவில் அடைத்து ஓட்டுவது டாக்கர். ஒரு டப்பாவில் இருப்பவருக்கு அடுத்த டப்பாவில் யார் என்று தெரியாது. நம் ஊர் அடுக்ககங்களும் அப்படித்தான் என்பதால் இதை விளக்கத் தேவையில்லை.

ஆனால் 'லோக்கல்ஹோஸ்ட்' என்னும் சொல்லை விளக்கியே ஆக வேண்டும். என் நான்கு இரவுகள் அதில் போயின. ப்ரோமிதியஸ் எங்கே இருக்கிறார் என்று கிராஃபானா கேட்டது. லோக்கல்ஹோஸ்ட், 9090-ஆம் போர்ட் என்றேன். இணைப்பு மறுக்கப்பட்டது. இருவரும் ஒரே மெஷினில்தானே இருக்கிறார்கள், பின் ஏன் எனின், லோக்கல்ஹோஸ்ட் ஓர் இடப்பெயர் என்று நான் கொண்டதே பிழை. அது 'நான்' என்பதுபோல் தன்மைப் பெயர். யார் சொல்கிறாரோ அவரையே குறிக்கும். டப்பாவுக்குள் இருக்கும் கிராஃபானா அதைச் சொன்னால் அது கிராஃபானாவையே குறிக்கும். ஆக நான்கு இரவும் அது தன் வீட்டுக் கதவைத் தானே தட்டி, உள்ளே ப்ரோமிதியஸ் இல்லை என்று நேர்மையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. இருவரையும் ஒரே டாக்கர் நெட்வொர்க்கில் சேர்த்து, 'ப்ரோமிதியஸ்' என்று படர்க்கையில் பெயர் சொல்லி அழைத்ததும் உடனே பதில் வந்தது. இலக்கணம் படித்தவனுக்குச் சம்பளம் இல்லை என்போர் இவ்விடத்தை மறுமுறை வாசிக்கவும்.

கோடு வந்தது. பச்சைக் கோடு. 15 வினாடிக்கு ஒரு முறை ப்ரோமிதியஸ் போய் "உயிரோடு இருக்கிறாயா?" என்று கேட்கிறது, இருந்தால் 1, இல்லையேல் 0. நாளொன்றுக்கு 5,760 விசாரிப்பு. பெற்ற பிள்ளைகூட இப்படி விசாரிப்பதில்லை. நாம் எதுவும் மாற்றாவிட்டால் விடைகளை 15 நாள் வைத்திருக்கும். 15 நாளில் 86,400 விசாரிப்பு. ஒரு நாளின் வினாடிகளும் 86,400! இதைக் கண்டபோது எனக்குப் புல்லரித்தது. 15-ஐ 15 அடித்துவிடுவதால் வரும் விடை அது, வேறொன்றுமில்லை என்று பிறகு புரிந்தது. ஆயினும் புல்லரித்தது உண்மையாதலின் பதிவு செய்கிறேன். யாரை முதலில் விசாரிக்கிறது என்பதே முக்கியம். ப்ரோமிதியஸோடு வரும் மாதிரி அமைப்புக் கோப்பில் விசாரிக்கப்பட வேண்டியவராக ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது: ப்ரோமிதியஸ்.

ஏழாம் வாரம் ஓர் இரவு, 2:10-லிருந்து காலை 7:05 வரை கோடே இல்லை. சிவப்பும் இல்லை, வெற்றிடம். கெர்னல் லாகைத் திறந்தால் சம்பவம் இரவு 8:40-க்கு என்றது. ஒரே இரவில் இரண்டு விபத்துகள் என்னும் கொள்கையை நிறுவி, இரண்டு நாள் அதற்குச் சான்று தேடினேன். மெஷின் கிரீன்விச் நேரத்தில் வாழ்கிறது, நான் ஐந்தரை மணி முன்னால் வாழ்கிறேன் என்பது மூன்றாம் நாள் உறைத்தது.

நடந்தது இதுதான். ரேம் தீர்ந்தது. தீர்ந்தால் அதிகம் தின்பவரைப் பார்த்துக் கொல்வது கெர்னலின் வழக்கம். ப்ரோமிதியஸைக் கொன்றது. செத்தால் தானே எழ வேண்டும் என்று நான் டாக்கருக்கு விதித்திருந்தேன். எழுந்தது. எழுந்ததும் பழைய பதிவுகளை முதலிலிருந்து படிக்கும்; அதற்கு மேலும் ரேம் வேண்டும். மறுபடி கொன்றது. கிரேக்கக் கதையில் ப்ரோமிதியஸின் ஈரலைக் கழுகு தின்னும், அது திரும்ப வளரும், கழுகு திரும்ப வரும். விடிய விடிய அக்கதையே நடந்தது. இந்த அமளியில் லாரிப் பக்கமும் மூச்சு விடவில்லை. அபாயச் செய்தி அனுப்ப வேண்டிய கிராஃபானாவும் அதே மெஷினில் திணறிக்கொண்டிருந்ததால் என்னை யாரும் எழுப்பவில்லை.

7 மணிக்குச் செயலாளர் எழுப்பினார். "தம்பி, லாரி லிஸ்ட் தொறக்க மாட்டேங்குதே."

"இதோ பாக்கறேன் சார்."

"பரவால்ல தம்பி, அவசரமில்ல. வாட்ச்மேன்கிட்ட கேட்டுட்டேன். இன்னிக்கு பி பிளாக்காம்."

தீர்வு எளிது: குடுவைக்கு வெளியே கேமரா. அதாவது முதல் மெஷினைப் பார்க்க இரண்டாவது மெஷின் ஒன்று வேண்டும். வாடகை இரட்டிக்கும் என்றதும் சங்கத்தில் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. ஆகவே இருக்கும் ரேமில் இடம் பண்ண எதையாவது நிறுத்த வேண்டியிருந்தது. டேஷ்போர்டில் ஏழு வார உழைப்பு இருந்தது. பக்கத்தில் ஒரு மாலை. பக்கத்தை அதன் டேட்டாபேஸோடு நிறுத்தினேன். அன்றிலிருந்து மெஷின் ஒரு முறைகூட விழவில்லை; கோடு இரவும் பகலும் பச்சை.

லாரி முறையைக் காகிதத்தில் எழுதி வாட்ச்மேன் அறைக் கதவில் ஒட்டியிருக்கிறோம். வேண்டியவர்கள் அங்கே பார்த்துக்கொள்ளலாம்.