வரி வாரியத்துக்குக் கீரைக்காரர்களின் விண்ணப்பம்

பெறுநர்: உயர்திரு அதிகாரி அவர்கள், உள்நாட்டு வருமான வரி வாரியம், மலேசியா.

பொருள்: வரி கட்ட வக்கில்லாதவர்கள் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்வது தொடர்பாக.

ஐயா,

2020 மார்ச் 27 அன்று அப்போதைய பிரதமர் முகிதீன் யாசின் தொலைக்காட்சியில் தோன்றி, கொரோனா நிவாரணத்துக்கு 25,000 கோடி வெள்ளி என்றார். காப்பாரில் கீரைப் பாத்தி வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தொகை விளங்கவில்லை. மாதம் 4,000 வெள்ளிக்குள் வருமானமுள்ள குடும்பத்துக்கு 1,600 வெள்ளி என்றதும் விளங்கிவிட்டது. அதைக் குறை சொல்ல மாட்டோம். பணம் வந்த வீடுகளில் உலை கொதித்தது.

சிக்கல், பட்டியல் தங்கள் கையில் இருந்ததுதான். பழைய உதவித்தொகைப் பட்டியலிலோ தங்கள் கணக்கிலோ பெயர் இருந்தவர்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதுமாக இருந்தது. மற்றவர்கள் ஏப்ரல் 30க்குள் இணையத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. அதாவது, வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்காதவன் அதை வரி ஆபீசுக்கே நிரூபிக்க வேண்டும். எங்கள் பாட்டன்மார் ரப்பர் தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு நின்றார்கள்; கணக்கெழுதும் கிராணியின் புத்தகத்தில் பெயர் ஏறினால்தான் அன்றைய சம்பளம். தோட்டம் போய் வீடமைப்பு வந்துவிட்டது, பெரட்டு மட்டும் இணையத்துக்குக் குடிமாறியிருக்கிறது.

குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்கு அந்தத் தொல்லைகூட இருக்கவில்லை. உதவி குடிமக்களுக்கு மட்டும் என்றபிறகு எதற்கு மனு? இந்த மண்ணிலேயே பிறந்து, இதே மண்ணைக் கொத்தி நரைத்த கிழவிக்கு வயிறும் சிவப்பு அட்டையைப் பார்த்துத்தான் பசிக்கும் என்று முடிவு செய்திருப்பீர்கள் போலும். கிருமிதான் அட்டையின் நிறம் பாராமல் எல்லாரையும் தொற்றியது. அதற்கு நிர்வாகப் பயிற்சி போதாது.

ஏப்ரலில் சிறு தொழில்களுக்குத் தலா 3,000 வெள்ளி சிறப்பு மானியம் அறிவித்தார்கள். அதற்கும் தங்களிடம் பதிவு இருக்க வேண்டியிருந்தது. வாழைத்தோப்புக்காரருக்கு ஏது பதிவு? கல்யாணமும் கோயிலும் நின்றுபோய் இலை மரத்திலேயே கிழிந்தது. அந்த ஆண்டுச் சித்திரைப் பிறப்பு நடமாட்டக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் மாலை கேட்க ஆளில்லை, பிரிக்ஃபீல்ட்ஸிலும் அதே கதை. நட்டத்துக்கு ரசீது கொண்டா என்றால், பூக்காரி வாடிய மல்லிகையைத்தான் நீட்ட முடியும்.

விவசாயிகளை மறந்துவிட்டதாகவும் சொல்ல முடியாது. ஒவ்வொரு வட்டார விவசாயிகள் சங்கத்துக்கும் 1 லட்சம் முதல் 2 லட்சம் வெள்ளி வரை, மூன்று நான்கு மாதத்தில் பலன் தரும் உணவுப் பயிர்த் திட்டங்களுக்காக. கேட்கவே குளிர்ச்சியாக இருந்தது. அதே மார்ச்சில்தான் கேமரன் மலையில் விளைந்து நின்ற காய்கறியை வாங்க ஆளின்றி டன் கணக்கில் கொட்டினார்கள். விளைந்தது குப்பைக்குப் போகும்போது, மேலும் விளைவிக்கப் பணம்! போதாததற்கு எங்கள் கங்கோங் கீரை ஒரு மாதத்துக்குள் அறுப்புக்கு வந்துவிடுகிறது. மூன்று மாதம் காத்திருக்கும் ஒழுக்கம் அதற்கு இல்லை. சங்கத்தில் சேரலாமே என்பீர்கள். மின்கம்பிக்கு அடியில் யாருடைய நிலத்திலோ பயிர் செய்பவர், எந்த நிலத்தைத் தன் நிலமென்று எழுதுவார்?

அடுத்த தொற்று எப்போது வருமோ, தெரியாது. விண்ணப்பப் பாரத்தை இப்போதே திருத்திவிட்டால் தங்களுக்கும் வேலை மிச்சம். சம்பளச் சீட்டு கேட்கும் கட்டத்துக்குப் பக்கத்தில் ‘அல்லது கீரைக்கட்டு’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். மாதிரிக்கு ஒரு கட்டு இத்துடன் இணைத்துள்ளோம். இரண்டு நாளில் அழுகிவிடும். பரிசீலனையை அதற்குள் முடிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் கணக்கில் இன்னும் ஏறாதவர்கள்,
காப்பார், கிள்ளான்.