குதிரைக்கு முன்னே கப்பல்

கேள்வி: செஞ்சிக் கோட்டையை நவாபு பிடித்த பிறகுதான் தமிழ்நாட்டுக்கு இஸ்லாம் வந்ததா?
– வாசகர், தொண்டூர்

பதில்: நவாபு குதிரையேறி வந்தார், இஸ்லாம் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கப்பலேறி வந்துவிட்டது!

ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கான், செஞ்சியை ஆண்ட ராஜா தேசிங்கை வென்றது 1714இல். ஆனால் திருச்சி கோட்டை ரயில் நிலையத்தருகே, நம் கோயில் மண்டபம் போலவே கல்தூண் நிறுத்திய சின்னப் பள்ளிவாசல் ஒன்று இருக்கிறது. அதிலுள்ள அரபுக் கல்வெட்டு காட்டும் ஆண்டு ஹிஜ்ரி 116, அதாவது கி.பி. 734. நபிகள் நாயகம் மறைந்து நூறு ஆண்டுதான் ஆகியிருந்தது.

காயல்பட்டினம், கீழக்கரைத் துறைகளில் அரபு வணிகர்கள் குதிரையை இறக்கினார்கள், முத்தை ஏற்றினார்கள், இங்கேயே பெண்ணெடுத்துக் குடியமர்ந்தார்கள். வணிகத்தோடும் உறவோடும் வேர்விட்ட மார்க்கம் இது.

செஞ்சிப் போரும் மதச் சண்டை அல்ல. கப்பத்துக்கும் அதிகாரத்துக்கும் நடந்த சண்டை. தேசிங்கின் உயிர்த்தோழன் மோவுத்துக்காரன் முஸ்லிம். கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்துபோய் நண்பனுக்காகப் போரிட்டு மடிந்தான் என்கிறது தேசிங்கு கதைப்பாடல். நவாபு பக்கம் நின்ற தோடர்மல்லோ இந்து. செஞ்சியைக் காட்டி யாராவது மதப்பகை வளர்க்க வந்தால், இந்த இரண்டு பெயரையும் உரக்கச் சொல்லுங்கள்!